அருகம்புல் யாருக்கு?

சூரமங்கலம் உழவர் சந்தையில அருகம்புல் விக்கிற அக்கா இன்னைக்கும் கேட்டாங்க: "தினமும் இத்தனை கட்டு, வீட்ல யாருக்கு தம்பி சுகர்?" வீட்ல வளர்க்கிற ரெண்டு கினி பன்னிக்கு (நிஜப் பன்னி இல்ல, முயல் மாதிரி கொறிக்கிற குட்டிப் பிராணி)ன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கிறாங்க.

வாங்கின புதுசுல கேரட்டும் கடைத் தீவனமுமா போட்டேன். தப்பு. அதுங்களுக்குப் புல்லுதான் சோறு. பல்லு ஆயுசு பூரா வளரும். புல்லை அரைச்சு அரைச்சுத்தான் தேயணும். நம்மள மாதிரியே வைட்டமின் சி உடம்புல தானா ஊறாது. அதனால தினம் ஒரு துண்டு குடைமிளகாய், விதை எடுத்துட்டு. உருளைக்கிழங்கு, வெங்காயம் கிட்டவே கூடாது. மாம்பழம்? சேலத்துல இருந்துட்டு எப்படி மறுக்கிறது... வாரத்துக்கு நகம் அளவு.

கவர் சரசரன்னாலே ரெண்டும் "வீக் வீக்"னு கத்துதுங்க. இப்பவும்தான். உள்ள இருந்தது இட்லி மாவு.