ரப்பருக்குள் ஒரு தகடு

1990-இல் தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் சேர்ந்தேன்; இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஆபீஸ். தண்டையார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவேன். பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது சரக்கு விவரம் சொல்லும் சுங்கப் படிவத்தை, கார்பன் வைத்து டைப் அடிக்க வேண்டும், அப்புறம் அந்த ஃபைலோடு சுங்க அதிகாரிகளின் மேஜை மேஜையாக நடக்க வேண்டும். இதுதான் வேலை.

அடுத்த வருடம் ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் உச்சபட்ச இறக்குமதி வரியை 150 சதவீதமாக இறக்கினார். "இதுக்குப் பேர் இறக்குறதா சார்?" என்று எங்கள் ஆபீஸ் பையன்கள் இப்போது சிரிக்கிறார்கள். அதற்கு முன் 300-ஐத் தாண்டிய சரக்கும் உண்டு. 2007-இல், விவசாயப் பொருள்களை விட்டுவிட்டால், உச்ச வரி 10 சதவீதம்தான். வரி இறங்கியதே தவிர என் நடை குறையவில்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் பிரின்ட் எடுத்துக்கொண்டு நடந்தோம்.

நடை நின்றது 2020 ஜூன் 8-ஆம் தேதி. அதிகாரியை நேரில் பார்க்காமல் ஆன்லைனிலேயே வரி முடிவாகும் முகம் பார்க்காத மதிப்பீடு முதலில் சென்னையிலும் பெங்களூரிலும், சுங்க வரி அட்டவணையின் 84, 85-ஆம் அத்தியாயச் சரக்குகளுக்கு (இயந்திரங்கள், மின்சாதனங்கள்) வந்தது. இங்கே இறங்கும் சரக்கின் தாளை அங்கே ஒருவர் பார்ப்பார்.

அந்தச் சமயம் எங்களிடம் கேஸ்கெட் சரக்கு ஒன்று; இயந்திர இணைப்புகளில் கசியாமல் நடுவே வைக்கும் அடைப்பு. அட்டவணையில் 8484 என்ற தலைப்பில் போட்டிருந்தேன். ரப்பர்தானே, ரப்பர் பொருள்களுக்கான 4016-இல் ஏன் போடவில்லை என்று கேள்வி வந்தது. "இதே சரக்கு பலமுறை கிளியர் ஆகியிருக்கிறது" என்று ஒரே வரியில் பதில் போட்டேன். கேள்வி அப்படியே திரும்பி வந்தது. இரண்டு நாள் போச்சு, சரக்கு துறைமுகத்தில் கிடப்பதற்கான டெமரேஜ் கட்டணம் ஏறியது. "முப்பது வருஷ சர்வீஸ், நாலு வரி எழுத வரலையாய்யா?" என்றார் முதலாளி. கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது சரிதான். பழைய நாளாக இருந்தால் சாம்பிளை அதிகாரி மேஜையில் வைத்து, "பாருங்க சார்" என்று பிளேடால் கீறிக் காட்டியிருப்பேன். என் வாதம் எல்லாம் அந்தப் பிளேடில்தான் இருந்தது.

அன்று ராத்திரி பழைய பேப்பரை விரித்து ஒரு கேஸ்கெட்டைக் குறுக்கே அறுத்தேன். இரண்டு கறுப்புப் படலத்துக்கு நடுவே முடி கனத்துக்கு இரும்புத் தகடு பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, உலோகத் தகடும் வேறு பொருளும் சேர்ந்த கேஸ்கெட் எந்தத் தலைப்பில் வரும் என்று ஒரு பத்தி எழுதி, சுங்கத்துக்கு ஆவணம் ஏற்றும் இ-சஞ்சித் தளத்தில் ஏற்றினேன். மறுநாள் மதியம் ஒப்புக்கொண்டார்கள். அந்த அதிகாரி யார், ஆணா பெண்ணா, இன்றுவரை தெரியாது.

டூட்டி உடனே கட்டியாகிவிட்டது. சாயங்காலம் டிரெய்லர் டிரைவருக்குப் போன் போட்டேன். "காசிமேட்டுலயே நிக்கிறேன் சார், ஒரு மணி நேரமா வண்டி நகரல" என்றார்.