கஞ்சமலையில் திசை மாறிய காம்பஸ்

முதுகலை நிலவியலில் உருமாறிய பாறைகள் பற்றிய தாள் எனக்கு எளிதாகவே வந்தது. 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த பல்லாவரத்துச் சார்னோகைட் பாறைத் துண்டை நுண்ணோக்கியில் வைத்துச் சுழற்றினால், அதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறுவது தெரியும். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பதும் இவ்வகைக் கல்தான் என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதற்கு அப்பெயரிட்டார் என்ற செய்தியைத் தேர்வில் எழுதாதவர் எங்கள் வகுப்பில் ஒருவரும் இல்லை.

கட்டமைப்பு நிலவியல்தான் என்னைத் திணறடித்தது. சாய்ந்த தளம் கிடைத்தளத்தை வெட்டும் கோட்டின் திசை ஸ்ட்ரைக், சரிவின் கோணம் டிப் என்று மனப்பாடமாகச் சொல்வேன்; ஆனால் முப்பரிமாணத் திசைகளைத் தட்டையான வட்டத்தில் காட்டும் வலைப்படமான ஸ்டீரியோநெட்டின் மேல் டிரேசிங் தாளைச் சுழற்றி வரையும் வளைகோடு எதைக் காட்டுகிறது என்பது விளங்கவில்லை. ஒருநாள் விடுதிச் சமையற்கூடத்திலிருந்து கொட்டாங்கச்சி ஒன்றை எடுத்துவந்து, அதற்குள் அட்டையைச் சாய்த்துச் செருகி மேலிருந்து பார்த்தபோதுதான், ஓட்டின் உட்புறத்தை அட்டை தொடும் கோடே அந்த வளைகோடு என்பது புரிந்தது.

களப்பணிக்குச் சேலத்தை அடுத்த கஞ்சமலைக்குச் சென்றோம். அங்கே காந்தத்தன்மையுள்ள இரும்புத்தாதுவான மாக்னடைட்டும் குவார்ட்ஸும் மாறிமாறி அடுக்கிய பட்டைகள் மலையோடு சேர்ந்து மடிந்து கிடக்கின்றன. முதல் நாள் முழுவதும் காம்பஸைப் பாறைமீதே வைத்து அளந்தேன். இரவில் அளந்த ஒவ்வொரு தளத்துக்கும் செங்குத்தான கோட்டை ஸ்டீரியோநெட்டில் ஒரு புள்ளியாகக் குறித்தால், ஒரு வளைவில் அமைய வேண்டிய புள்ளிகள் சிந்திய கடுகுபோல் சிதறிக் கிடந்தன. ஊசியை மாக்னடைட் தன்பக்கம் இழுத்திருக்கிறது. வகுப்பில் கேட்டதுதான், வெயிலில் மறந்துபோயிற்று.

மறுநாள் பேராசிரியர் வேறு வழி காட்டினார். ஸ்ட்ரைக் கோட்டில் ஒரு குச்சியைக் கிடத்தி, 1:50,000 வரைபடத்தில் அடையாளம் காணக்கூடிய தொலைதூரக் குன்றின் உச்சிக்கும் குச்சிக்கும் இடைப்பட்ட கோணத்தைப் பாகைமானியால் அளந்து, உச்சியின் திசையை வரைபடத்திலிருந்தே எடுத்துக் கணக்கிட்டோம். நேரம் பிடிக்கும் வேலைதான். முதல் நாள் நாற்பது இடங்களில் அளந்தவன் அன்று பதினொன்றோடு நின்றேன். ஆனால் அந்தப் பதினொரு புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே வளைவில் அமைந்தன. அதற்குச் செங்குத்தான திசையில் மடிப்பின் அச்சு கிடைத்தது.

டிப் அளக்கும் கிளினோமீட்டர் ஈர்ப்பு விசையை மட்டுமே நம்புவதால், முதல் நாள் பக்கங்களில் திசை வரிசையை மட்டும் அடித்துவிட்டு டிப் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டேன்.