மிலம்: மூன்று கணவாய்களால் வாழ்ந்த ஊர்

உத்தராகண்டின் முன்சியாரியிலிருந்து கோரி கங்கை ஆற்றை ஒட்டி வடக்கே ஏறினால், ஜோஹார் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் மிலம் என்ற ஊர் இருக்கிறது. இடிந்த கல்வீடுகளைப் பார்த்துவிட்டு அதை ஒதுக்குப்புறமான எல்லைக் கிராமம் என்று பயணக் குறிப்புகள் எழுதும்போதெல்லாம் என் மனம் ஒப்புவதில்லை. 1962 வரை அது உத்தராகண்டின் குமாவூன் வட்டாரத்தையும் மேற்குத் திபெத்தையும் இணைத்த வணிகப் பாதையின் நடுவே செழித்திருந்த ஊர்.

அந்தப் பாதை மிகக் கடுமையானது. திபெத்துக்குள் இறங்க ஊண்டா துரா, ஜெயந்தி, குங்ரி பிங்ரி ஆகிய மூன்று கணவாய்களை அடுத்தடுத்துத் தாண்ட வேண்டும்; மூன்றுமே 5,000 மீட்டருக்கு மேற்பட்டவை. நடுவில் தங்கினால் கால்நடைகளுக்கு மேய்ச்சல் கிடையாது, வானிலையையும் நம்ப முடியாது என்பதால், மூன்றையும் ஒரே மூச்சில் கடந்துவிடவே வணிகர்கள் முயன்றனர். யாக் கலப்பின மாடுகளோடு, சுமையின் பெரும்பங்கை ஆடுகளே தாங்கின: முதுகின் இருபுறமும் தொங்கிய சிறு பைகளில் தானியத்தையும் வெல்லத்தையும் கொண்டுபோய், உப்பையும் வெண்காரத்தையும் ஏற்றி வந்தன. கம்பளியும் இவ்வழியேதான் இறங்கியது.

இவ்வணிகத்தில் நான் மிகவும் மதிப்பது அதைத் தாங்கிநின்ற 'மித்ர' உறவைத்தான். ஜோஹார் வணிகருக்குத் திபெத்தில் அவருக்கென்றே ஒரு கூட்டாளி இருப்பார். ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வது அவர்களுடைய உடன்படிக்கை. உடைந்த விளிம்புகள் பொருந்தினால் போதும், தந்தைக்குப் பதிலாக மகன் வந்தாலும் கணக்கு தொடரும். மொழியும் சமயமும் வேறான இரு குடும்பங்கள், தலைமுறைக் கணக்கில் ஒருவரையொருவர் நம்பி அந்தப் பனிவெளியில் கொடுக்கல் வாங்கல் செய்தன என்பது சாதாரணச் செய்தியன்று. நம்பிக்கையோடு எச்சரிக்கையும் இருந்தது. ஆண்டுதோறும் வணிகம் தொடங்குமுன், இந்தப் பக்கம் கொள்ளைநோயோ பஞ்சமோ போரோ உண்டா என்று விசாரிக்கத் திபெத்திய அலுவலர் ஒருவர் வருவார்; அவர் நிறைவடைந்த பிறகே வழி திறக்கும்.

1830இல் மிலத்தில் பிறந்த நில அளவையாளர் நயின் சிங் ராவத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். வெள்ளையருக்குத் திபெத் மூடியிருந்த காலத்தில், 108க்குப் பதிலாக 100 மணிகள் கோத்த செபமாலையால், தூரத்தை அளக்கக் காலடிகளை எண்ணியபடி அவர் லாசா வரை சென்று வந்தார். 1877இல் லண்டன் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அளவைக் கருவிகளைக் கையாள ஆங்கிலேயர் பயிற்சி தந்தனர் என்பது உண்மையே. ஆனால் திபெத்திய மொழியையும் அங்கு பழகும் முறையையும் அவருக்குக் கொடுத்தவை இந்தக் கணவாய்கள்.

1962 இந்திய-சீனப் போரோடு வழி அடைபட்டது. 1967இல், ஜோஹார் வணிகர்களும் அடங்கிய போட்டியா மக்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டதால் கல்விக்கும் அரசுப் பணிக்கும் வாய்ப்புகள் திறந்தன. பலர் நன்றாகவே முன்னேறினர். எனினும், கோடையில் மேலேறிக் குளிர்காலத்தில் கீழிறங்கும் வாழ்க்கைக்கு அடிப்படையான வணிகம் திரும்பவில்லை. கிழக்கே திபெத்துக்குச் செல்லும் மற்றொரு வழியான லிபுலேக் கணவாய் 1992இல் குறைந்த அளவு வணிகத்துக்காவது மீண்டும் திறக்கப்பட்டது. ஜோஹாருக்கு அதுவும் வாய்க்கவில்லை. இன்று கோடையில் மிலத்துக்குத் திரும்பும் சில குடும்பங்கள் உருளைக்கிழங்கும் மூலிகையும் பயிரிடுகின்றன.

1962இல் பதினைந்து வயதுப் பையனாக ஆட்டு மந்தையோடு ஊண்டா துராவைக் கடந்த ஒருவர் இருந்தால், அவருக்கு இப்போது எண்பதை நெருங்கும் அல்லது தாண்டியிருக்கும். எந்த இடத்தில் மந்தையை நிறுத்தினார்கள், எந்த மேகத்தைக் கண்டு திரும்பினார்கள், திபெத்தில் எவர் வீட்டில் உண்டார்கள் என்பதையெல்லாம் கேட்டு எழுதும் வேலையை அங்குள்ள இளைஞர்கள் இப்போதே செய்ய வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.