அண்ணியின் சமையலும் கூகலும்

டெம்ப்ளேட்டில், அதாவது யாரோ முன்கூட்டியே செய்து வைத்த வடிவத்தில், கட்டிய இணையத்தளத்தை மட்டம் தட்டுபவன் நான் இல்லை. சின்ன வியாபாரத்துக்கு அது போதும். ஆனால் டெம்ப்ளேட்டைச் செய்தவருக்கு நம் வாடிக்கையாளர் யாரென்று தெரியாது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

என் அண்ணி சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வீட்டிலிருந்தே வளைகாப்பு, புதுமனை புகுவிழா மாதிரி விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறார். தளத்தை மகள் கட்டிக் கொடுத்தாள். பார்க்க அழகு, தேடினால் கிடைக்காது. “நீங்கதானே தம்பி இந்த வேலையெல்லாம் பாப்பீங்க” என்று என்னிடம் வந்துவிட்டது.

கூகல் பெட்டியில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியைப் போட்டால், அந்தத் தளத்தின் எந்தெந்தப் பக்கங்கள் கூகலின் கணக்கில் இருக்கின்றன என்று ஓரளவு தெரிந்துவிடும். அண்ணியின் முகப்புப் பக்கம் ‘ஹோம்’ என்ற தலைப்போடு வந்தது. கூடவே ஏதோ ஒரு காப்பிக்கடையின் கதை, அர்த்தமில்லாத லத்தீன் வரிகள். டெம்ப்ளேட்டோடு வந்த மாதிரிப் பக்கங்கள் அவை. தளத்தின் மெனுவிலிருந்து எடுத்துவிட்டால் போதாது, பக்கத்தையே அழிக்க வேண்டும். (எதுவுமே வராவிட்டால், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் அது அமைப்புகளில் ‘ரீடிங்’ பகுதியில் இருக்கும்.)

தலைப்புக்கு நான் யோசிக்கவே இல்லை. அண்ணியின் வாட்ஸ்அப்பைத் திறந்தேன். “30 பேருக்கு சைவச் சாப்பாடு, ஈசூனுக்குக் கொண்டு வருவீங்களா?” ஆட்கள் இப்படித்தான் கேட்கிறார்கள், இப்படித்தான் தேடவும் செய்கிறார்கள். அதனால் ‘ஹோம்’ போய், சைவ விருந்துச் சமையல், ஈசூன், சிங்கப்பூர் என்று வந்தது. பாதிப் பேர் ஆங்கிலத்தில்தான் தட்டுவார்கள். அவர்களுக்குத் தனியாக ஓர் ஆங்கிலப் பக்கம். குறிச்சொல் (கீவேர்ட்ஸ்) பெட்டியில் ஐம்பது வார்த்தையைத் திணிக்காதீர்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகல் 2009லேயே சொல்லிவிட்டது.

உண்மையான தலைவலி தமிழில்தான். டெம்ப்ளேட்டின் நளினமான எழுத்துருவில் தமிழ் எழுத்தே கிடையாது. அதனால் மகள் கடைப் பெயரையும் பலகார வரிசையையும் வேறெங்கோ எழுதி, படமாக்கி ஒட்டியிருந்தாள். கண்ணுக்குத் தெரிகிற தமிழ், தேடலுக்கு வேண்டிய எழுத்தாகப் பக்கத்தில் இல்லை. எல்லாவற்றையும் யூனிகோடில் தட்டச்சு செய்து, தமிழ் உள்ள எழுத்துருவுக்கு மாற்றினேன். அழகு கொஞ்சம் குறைந்தது, அண்ணிக்கு வருத்தம்தான். படமாகவே இருக்க வேண்டியவற்றுக்கு மாற்று உரை எழுதினேன்: ‘வாழை இலையில் பரிமாறிய சைவ விருந்து’ என்று, பார்ப்பதை அப்படியே.

அதைவிட விசித்திரம், தளத்தில் ஏற்றியிருந்த கல்யாண மெனு பிடிஎப். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு அது, ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தமிழ் உருவம் கொடுப்பது. திறந்தால் சுத்தமான தமிழ். ‘சாம்பார்’ என்ற சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் விழுகின்றன. கூகலுக்குப் போவதும் அந்தக் குப்பைதான். தமிழ்ச் சங்கங்கள், கோயில்கள் போடும் பழைய பிடிஎப்களையும் ஒருமுறை இப்படி ஒட்டிப் பாருங்கள்.

அப்புறம் கைபேசி. கூகல் இப்போது படிப்பது கைபேசியில் தெரியும் வடிவத்தைத்தான். கணினியில் இருந்த விநியோக வட்டார விவரத்தை டெம்ப்ளேட் கைபேசிக்கு அனுப்பவே இல்லை, அதைச் சேர்த்தேன்.

கடைசியாக, தேடலில் நம் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகலின் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து, தளத்தின் பக்கப் பட்டியலான சைட்மேப்பைக் கொடுத்தேன். இரண்டுமே இலவசம். கூகல் வணிகப் பக்கமும் திறந்தாயிற்று. வீட்டிலிருந்து செய்பவர்கள் அதில் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த வட்டாரத்துக்குக் கொண்டு போவோம் என்று மட்டும் காட்டலாம். புளோக் எண்ணை ஊருக்கே சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையே ஒருவர் அண்ணியைக் கூப்பிட்டு, மாதக் கட்டணம் கட்டினால் முதலிடம் உறுதி என்றாராம். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகலே எழுதி வைத்திருக்கிறது. அண்ணிக்கு அந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டேன். விலைப்பட்டியலைத் தளத்தில் போடுங்கள் என்று நான் சொல்வதை மட்டும் அவர் இன்னும் கேட்கவில்லை.