செய்தோம், செய்தேன்: ஒரு ஐசியூ நர்ஸின் செவ்னிங் விண்ணப்பம்

2022 நவம்பர் 1 அன்று எனக்கு மதிய ஷிப்ட். செவ்னிங் உதவித்தொகைக்கு விண்ணப்பம் மூடும் நேரம் நம்ம ஊர்க் கணக்கில் மாலை ஐந்தரை. நாலே முக்காலுக்கு டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, உடை மாற்றும் அறையில் ஷூ ரேக் மேல் லேப்டாப்பை வைத்து, நின்றபடியே கடைசிக் கட்டுரையை ஒட்டி அனுப்பினேன். ஐந்து பத்துக்கு நோயாளியின் பெட்டுக்குத் திரும்பியாயிற்று. பிப்ரவரியில் மின்னஞ்சல் வந்தது: நேர்காணலுக்குத் தேர்வாகவில்லை. இந்தக் கட்டத்தில் கழித்துவிட்டால் காரணம் சொல்லமாட்டார்கள்.

மறு வருடம் திரும்ப விண்ணப்பம் போட்டேன். கிடைத்தது. நான் மாறியதாக நினைக்கவில்லை. எழுதிய விதம்தான் மாறியது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. செவ்னிங் என்பது பிரிட்டிஷ் அரசு 1983 முதல் தரும் உதவித்தொகை. ஒரு வருட முதுகலைப் படிப்பு. கல்லூரிக் கட்டணம், மாதச் செலவு, விமான டிக்கெட், விசா எல்லாம் அவர்கள் பொறுப்பு. படித்து முடித்து ஊர் திரும்பி இரண்டு வருடம் இங்கே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். அதை 2,800 மணி நேரம் என்று கணக்கிடுகிறார்கள். வாரம் 48 மணி நேரம் நிற்கும் நர்ஸுக்கு அது அறுபது வாரத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

டாக்டர்களுக்கும் ஐஏஎஸ் கனவுக்காரர்களுக்கும்தான் இது என்று எங்கள் ஆஸ்பத்திரியில் பலரும் நினைத்திருந்தார்கள். நானும்தான்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை, 12 படுக்கை ஐசியூ. இன்சார்ஜ் சிஸ்டராக இருந்த நான், பிறகு இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ் (தொற்று பரவாமல் பார்த்துக்கொள்பவர்) ஆனேன். அந்த வேலைக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ராத்திரி முழுக்க நோயாளி பக்கத்தில் இருப்பது நாங்கள். ஆனால் எத்தனை நர்ஸ் போடுவது, எந்தப் பொருள் வாங்குவது என்று முடிவு பண்ணும் கூட்டத்தில் எங்களுக்கு நாற்காலி கிடையாது. குவாலிட்டி டிபார்ட்மெண்டுக்குத் தலைவராக எம்.பி.ஏ. படித்தவர் வருவார். நாங்கள் ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே நிற்போம்.

கட்டுரைகளுக்கு வருகிறேன். அப்போது நான்கு கட்டுரை: தலைமைப் பண்பும் செல்வாக்கும், தொடர்புகளை வளர்ப்பது, ஏன் பிரிட்டனில் படிப்பு, எதிர்காலத் திட்டம். ஒவ்வொன்றும் 500 வார்த்தைக்குள். முதல் வருடம் தலைமைக் கட்டுரைக்கு எழுதியதை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. "எங்கள் குழு சென்ட்ரல் லைன் தொற்றைக் குறைக்கும் திட்டத்தைச் செயல்படுத்தியது. பயிற்சிகள் நடத்தப்பட்டன. முன்னேற்றம் காணப்பட்டது." இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதி எழுதிப் பழகிய கை அது. ரிப்போர்ட்டில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாக நடந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்கா செவ்னிங்கில் படித்துத் திரும்பியவர். முதல் வருடக் கட்டுரையை எடுத்துப்போய்க் காட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்து 'நாங்கள்' வந்த இடத்தையெல்லாம் வட்டம் போட்டார். பதினாலோ பதினைந்தோ. "ஏன்டி, இதுல நீ எங்க இருக்க? உன் ஆஸ்பத்திரிக்கா ஸ்காலர்ஷிப் குடுக்கப் போறாங்க?" என்றார்.

'நான் செய்தேன்' என்று எழுதக் கை வரவில்லை. தற்பெருமை மாதிரி இருந்தது. வார்டில் ஒருத்தி 'நான்' என்று ஆரம்பித்தாலே மற்றவர்கள் முகம் மாறும் என்பது எங்களுக்குத் தெரியும். அக்காவே வழி சொன்னார்: "இங்கிலீஷை விடு. தங்கச்சிகிட்ட தமிழ்ல சொல்லு, போன்ல ரெக்கார்ட் பண்ணு." அப்படியே செய்தேன். திரும்பக் கேட்டு எழுதும்போது வினைச்சொற்களின் வாலை மட்டும் பார்த்தேன். 'தோம்' என்று முடிந்த ஒவ்வொன்றிலும் நின்று, இது உண்மையிலேயே தோம்-ஆ, இல்லை தேன்-ஆ என்று கேட்டுக்கொண்டேன். பாதிக்கு மேல் தேன். சில இடத்தில் உண்மையாகவே தோம். அதை அப்படியே விட்டேன்.

தங்கச்சியிடம் சொன்ன கதை இதுதான். கழுத்து ரத்தக்குழாய் வழியாகப் போடும் சென்ட்ரல் லைன் என்ற குழாயில் கிருமி நுழைந்தால் ரத்தத்தில் தொற்று ஏறும். அமெரிக்காவில் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற மருத்துவரின் குழு மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் ஐந்தே காரியத்தைச் செய்யச் சொன்னது: கை கழுவுவது, நோயாளியை முழுவதும் மூடும் பெரிய டிரேப் (கிருமி நீக்கிய துணி), குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைப்பது, கூடியவரை தொடை ரத்தக்குழாயைத் தவிர்ப்பது, தேவையில்லாத லைனை உடனே எடுப்பது. 2006-இல் வெளியான ஆய்வு. ஆயிரம் லைன் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு லைன் இருக்கும் ஒரு நாள் ஒரு லைன் நாள்) 2.7 என்றிருந்த இடைநிலைத் தொற்று விகிதம் மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. இந்த ஐந்தும் எந்த டாக்டருக்கும் புதிதில்லை. புதிதாக இருந்தது, ஒன்று விட்டுப்போனால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்தது.

அந்த ஐந்தையும் ஒரு தாளில் அடித்து, லேமினேட் பண்ணி லைன் டிராலியில் கட்டினேன். முதல் வாரமே ஒரு சீனியர் டாக்டர் சின்ன டிரேப்போடு ஆரம்பித்தார். "சார், ரெண்டு நிமிஷம், பெரிய டிரேப் எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன். ஊசியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். எடுத்துவந்தேன், போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை மேட்ரன் அறை. "டாக்டர் கையை நிறுத்துற அளவுக்கு வந்தாச்சா?"

அன்றைக்குத் தாளைக் கழற்றிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அதற்குப் பதிலாக அடுத்த மாதம் அதே டாக்டரிடம் போனேன். "சார், இந்த ஷீட்ல என்ன குறை இருக்கு, திருத்திக் குடுங்க" என்றேன். அவர் இரண்டு வரி மாற்றினார், கீழே கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அது அவருடைய ஷீட். ஜூனியர் டாக்டர்களை அவரே கேட்பார்: "டிக் போட்டாச்சா?" அந்த ஷீட் அவருடையதாக ஆனதில்தான் என் செல்வாக்கு இருந்தது என்று கட்டுரையில் எழுதினேன். எனக்கு அதிகாரம் இல்லை என்பதை மறைக்கவில்லை. மறைத்திருந்தால் கதையே கிடையாது.

படிப்புத் தேர்விலும் முதல் வருடம் சொதப்பல். மூன்று படிப்பு சொல்ல வேண்டும். நான் ஒரு எம்.பி.ஏ., ஒரு பொதுச் சுகாதாரம், ஒரு உயர் நர்சிங் என்று பெயர் பெற்ற கல்லூரிகளாகப் பார்த்துப் போட்டேன். (எம்.பி.ஏ.வுக்கு அவர்கள் தரும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, மீதி நம் கையிலிருந்து என்பதைக்கூட அப்புறம்தான் படித்தேன்.) என்ன ஆக வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை என்பதை அந்த மூன்று பெயர்களே காட்டிக்கொடுத்துவிட்டன. இரண்டாம் முறை மூன்றும் ஒரே திசை: பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் சுகாதாரச் சேவை மேலாண்மை மையம், லீட்ஸில் நஃபீல்டு மையம், லண்டனில் சுகாதாரக் கொள்கையும் நிதியும். பல்கலைக்கழகங்களுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். செவ்னிங் அதைச் செய்து தராது. ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வைக் கேட்பதும் பல்கலைக்கழகம்தான்.

எதிர்காலத் திட்டக் கட்டுரைக்கு நேரமும் ஒத்துழைத்தது. 2023 ஆகஸ்டில் தேசிய நர்சிங், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் வந்தது; 1947-ஆம் வருட நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக. மாநிலங்களிலும் ஆணையங்கள் அமைய வேண்டும். அவற்றில் நர்ஸ்கள் தகுதியோடு உட்கார வேண்டும் என்று எழுதினேன். 'சமுதாயத்துக்குச் சேவை செய்வேன்' என்று போன வருடம் எழுதியதைவிட இது எவ்வளவோ மேல்.

பிப்ரவரியில் நேர்காணலுக்கு அழைப்பு. சந்தோஷம் ஒரு மணி நேரம்தான் நீடித்தது. இரண்டு பரிந்துரைக் கடிதமும் பட்டச் சான்றிதழும் ஏற்ற வேண்டும். என் ஒரிஜினல் சான்றிதழ்கள் சேர்ந்த நாளிலிருந்தே எச்.ஆர். அலமாரியில். நர்ஸ்களுக்கு இது புதிதல்ல, எத்தனையோ இடத்தில் இதே வழக்கம். ஸ்கேன் எடுத்துத் தருகிறேன் என்றாலும், "வேற வேலைக்குப் போறீங்களா சிஸ்டர்?" என்று கேட்டு இழுத்தார்கள். பதினோரு நாள். கடைசியில் கூடவே உட்கார்ந்து ஸ்கேன் எடுத்து, அவர்கள் கண் முன்னால் திருப்பி அலமாரியில் வைத்தேன். பரிந்துரைக் கடிதம் தந்தவர்களில் ஒருவர் அந்த டிரேப் டாக்டர்.

நேர்காணல் சென்னை, ஆண்டர்சன் ரோட்டில். நைட் டியூட்டியை மாற்றிக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, எழும்பூரில் விடியற்காலை இறங்கி, பாத்ரூமில் முகம் கழுவி, எலெக்ட்ரிக் ட்ரெயினில் நுங்கம்பாக்கம். மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். ஒன்று மட்டும் மறக்கவில்லை: "எல்லா நர்ஸும் அங்கே வேலைக்குப் போகத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் ஏன் திரும்பி வரப் போகிறீர்கள்?" மனப்பாடம் பண்ணியிருந்த பதில் வாயில் வரவில்லை. "அங்கே போய் நின்றால் நான் இன்னொரு நல்ல நர்ஸ். இங்கே அந்தக் கூட்டத்தில் இன்னும் ஒரு நர்ஸ்கூட இல்லை" என்றேன். சரியாகச் சொன்னேனா என்று வெளியே வந்து ஒரு டீ குடித்து முடிக்கும்வரை தெரியவில்லை.

ஜூனில் தேர்வு. ஜூலைக்குள் பல்கலைக்கழகத்திலிருந்து நிபந்தனையில்லாத சேர்க்கைக் கடிதம் காட்ட வேண்டும்; டிரான்ஸ்கிரிப்டுக்காக (கல்லூரி மதிப்பெண் பட்டியல்) அலைந்ததை எழுதினால் தனிப் பதிவாகிவிடும். விசாவுக்கு டிபி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். இத்தனை வருடம் மற்றவர்களை மெஷின் முன்னால் நிறுத்தி "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொன்னவளுக்கு, அந்த டெக்னீஷியன் சொன்னபோது சிரிப்பு வந்து படம் இரண்டு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

தெருவில் "லண்டன் போறா, இனி எங்க வரப் போறா" என்றார்கள். நான் போவது பர்மிங்ஹாம் என்று அம்மா எல்லோரிடமும் திருத்திச் சொன்னாள்.

ரிலீவ் ஆன அன்று எச்.ஆரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பழுப்புக் கவரைக் கொடுத்தார்கள். பத்தாவது மார்க் ஷீட் முதல் பட்டச் சான்றிதழ் வரை எண்ணிப் பார்த்தேன், எல்லாம் இருந்தது. இப்போது அது அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். சாவி அவளிடம்.