இந்துப்பும் உப்புதான்: இதயம் பலவீனமானவர் வீட்டுக்கு

எக்கோ ரிப்போர்ட்டில் ‘ஈ.எஃப். 30%’ என்று பார்த்ததும், இதயத்தில் முப்பது சதம்தான் மிச்சம் என்று வீடே கலங்கிப்போகும். நல்ல இதயமும் நூறு சதம் தள்ளுவதில்லை. இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு 55 முதல் 70 சதம்தான் வெளியே போகிறது. இந்தச் சதவீதம்தான் ஈ.எஃப். 40 அல்லது அதற்குக் கீழே வந்தால் பம்பிங் குறைவு. 50க்கு மேல் இருந்தும் மூச்சு வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தசை விறைத்துப்போய், ரத்தம் வந்து நிரம்பவே இடம் கொடுக்காது.

நிலைமையை மோசமாக்குவது சிறுநீரகம். தனக்கு வரும் ரத்தம் குறைந்ததும், உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று தப்புக்கணக்குப் போட்டு, உப்பையும் அதோடு தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. தள்ள முடியாத பம்புக்கு மேலும் பாரம். இதயத்தின் இடது பக்கம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். வலது பக்கம் தளர்ந்தால் காலில், கல்லீரலில், வயிற்றில். இரண்டு இட்லிக்கே வயிறு நிறைந்துவிடுவதை ‘கேஸ்’ என்று நினைத்து வாரக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறைய.

பகலில் காலில் இறங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பும். அதனால்தான் ராத்திரி மூன்று நான்கு முறை பாத்ரூம். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருவது. தலையை உயர்த்திப் படுக்க ஒரு தலையணை மூன்றாகிவிட்டதா என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான்.

முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து நின்றால் நீர். (அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையும் கணுக்காலை வீங்க வைக்கும், வீக்கமெல்லாம் இதயம் அல்ல.) ஆனால் குழி விழும்போது இரண்டு மூன்று லிட்டர் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது எடை மெஷின்தான். காலையில் சிறுநீர் கழித்ததும், காபிக்கு முன், அதே மாதிரி உடுப்பில், பாய் விரிக்காத தரையில் மெஷினை வைத்து ஏறி நிற்க வேண்டும். காலண்டரில் எழுதுங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கொழுப்பு ஒரே ராத்திரியில் ஒரு கிலோ ஏறாது. மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். உட்கார்ந்திருந்தும் மூச்சுத் திணறினாலோ, ரோஸ் நிறத்தில் நுரைச்சளி வந்தாலோ நேராக 108.

உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சாம்பாரில் குறைத்துவிட்டு ஊறுகாயையும் மோர் மிளகாயையும் கருவாட்டையும் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் வழக்கம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். இந்துப்பு நல்லது என்பது வெறும் பேச்சு. அதிலும் இருப்பது சோடியம் குளோரைடே. ‘சோடியம் குறைந்த உப்பு’ இன்னும் வம்பு. அதில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில் என்ற இதய மாத்திரைகளைச் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இளநீரிலும் பொட்டாசியம் உண்டு, தினமும் குடிப்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

உப்பில் கெட்டியாக இருக்கிற வீட்டிலும் முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக்கோ ஐபுப்ரோஃபெனோ சர்வசாதாரணமாக வாங்குகிறார்கள். இவை உப்பையும் நீரையும் தேக்கும், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். பாரசிட்டமாலிலும் தண்ணீரில் போட்டால் பொங்குகிற வகை வேண்டாம். அதில் சோடியம் அதிகம்.

ஃபுரோசிமைட் என்ற நீர் மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் போல நிற்கும். காலையில் போடச் சொல்வது அதனால்தான். வெளியூர்க் கல்யாணத்துக்குப் பஸ் ஏறும் நாளில் பாத்ரூமுக்குப் பயந்து அதை விட்டுவிடுகிறார்கள். அங்கே விருந்துச் சாப்பாட்டின் உப்பும் சேர்ந்து இரண்டே நாளில் மூச்சு வாங்கும். விட வேண்டியதில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் மத்தியானம் போட்டுக்கொள்ளலாமா என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.