நீந்தத் தெரியாதவன் நீந்த முடியாதவன் ஆன கதை: பிரெஞ்சுத் துணைவினைகள் பற்றி

பிரெஞ்சு கற்கத் தொடங்கிய இரண்டாம் மாதத்தில், கோடை விடுமுறைக்குக் கடற்கரை செல்வதைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோது, "ழெ ந பெ பா நாழே" என்று நான் சொன்னேன். ஆசிரியை என் தோளையும் கையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எங்கேனும் அடிபட்டிருக்கிறதா என்று அக்கறையோடு விசாரித்தார். நான் சொல்ல நினைத்தது "எனக்கு நீந்தத் தெரியாது" என்பதுதான். சொன்னதோ "என்னால் நீந்த முடியாது" என்பது. (புதுச்சேரிக்காரர்கள் ழான், ழாக் என்று எழுதும் வழக்கத்தையொட்டி அந்த ஒலிக்கு நானும் ழகரத்தையே எடுத்துக்கொள்கிறேன், முழுப் பொருத்தமில்லைதான், ஆனால் வேறு எழுத்தும் இல்லை.)

அந்தத் தவறு ஆங்கிலம் வழியாக வந்தது. அங்கே 'கேன்' என்ற ஒரே சொல் முடிவதற்கும் தெரிவதற்கும் பொதுவாக நிற்கிறது. தமிழில் யோசித்திருந்தால் சறுக்கியிருக்க மாட்டேன். நீச்சல் பழகாதவர் எவரும் நம்மூரில் "நீந்த முடியாது" என்று சொல்வதில்லை; காலில் கட்டுப் போட்டிருப்பவர்தான் அப்படிச் சொல்வார். பிரெஞ்சும் இதே கோட்டைத்தான் போடுகிறது: கற்றுப் பெற்ற திறனுக்குச் 'சவ்வார்', சூழலோ உடலோ இடங்கொடுப்பதற்கும் அனுமதிக்கும் 'பூவ்வார்'. ஆகவே நான் சொல்லியிருக்க வேண்டியது "ழெ ந செ பா நாழே". பெல்ஜியத்துக்காரர்கள் மட்டும் இந்தக் கோட்டை அழித்துவிட்டு, இரைச்சலில் தூங்க முடியவில்லை என்பதற்கும் சவ்வாரையே போடுவார்கள்.

வாக்கிய அமைப்பிலும் தமிழர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. துணைவினை ஆளுக்கேற்பத் திரியும். அதன் பின்னால் முதன்மை வினை அகராதி வடிவத்தில், இடையில் எந்த இடைச்சொல்லும் இல்லாமல் வந்து நிற்கும். 'ந', 'பா' என்ற எதிர்மறைச் சொற்களைத் துணைவினையைச் சுற்றிக் கட்டினால் ஒரு பொருள், முதன்மை வினைக்கு முன் வைத்தால் வேறு பொருள். "ழெ ந பெ பா வெனீர்" என்றால் என்னால் வர முடியாது. "ழெ பெ ந பா வெனீர்" என்றால் நான் வராமலும் இருக்கலாம். 'வர முடியாது', 'வராமல் இருக்கலாம்' என்று நாமும் எதிர்மறையை இடம் மாற்றித்தான் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறோம். வினைத்திரிபுகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஒருமையில் பூவ்வார் 'பெ' என்றும், விருப்பத்தைச் சொல்லும் வூல்வார் 'வெ' என்றும் சுருங்கும் அடி, 'நூ' (நாம்), 'வூ' (நீங்கள்) ஆகியவற்றோடு மட்டும் பழைய உருவுக்குத் திரும்பி 'பூவோன்', 'வூலோன்' ஆகிறது என்பதைக் கவனித்தால் பாதிச் சுமை இறங்கும்.

தமிழ் நம்மைக் கைவிடும் இடம் 'வேண்டும்'. "எனக்குத் தண்ணீர் வேண்டும்", "நான் போக வேண்டும்", "அவர் இந்நேரம் போயிருக்க வேண்டும்" என்று விருப்பத்தையும் கட்டாயத்தையும் ஊகத்தையும் நாம் ஒரே சொல்லில் ஏற்றிவிடுகிறோம். பிரெஞ்சில் விருப்பத்துக்கு 'வூல்வார்'. கடப்பாட்டுக்கும் ஊகத்துக்கும் 'தெவ்வார்'. பொதுவான தேவைக்கு 'ஃபால்வார்'. (சங்கத் தமிழில் 'தெவ்வர்' என்றால் பகைவர். இந்த வினையோடு மல்லுக்கட்டிய வாரங்களில் அந்தப் பொருத்தம் எனக்கு ஆறுதலாக இருந்தது.)

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஃபால்வார். அதற்கு 'நான்', 'நீ', 'அவர்கள்' எதுவும் கிடையாது. யாரையும் குறிக்காத 'இல்' ஒன்றோடு மட்டும் சேர்ந்து 'இல் ஃபோ' என்று வரும். நம் 'வேண்டும்' என்பதும் அப்படித்தானே? நான் போக வேண்டும், நீ போக வேண்டும், அவர்கள் போக வேண்டும் என்று எழுவாய் எதுவானாலும் அது அசைவதில்லை. ஆனால் எதிர்மறையில் எச்சரிக்கை தேவை. "இல் ந ஃபோ பா" என்பது 'வேண்டியதில்லை' அன்று, 'கூடாது'. இதை 'அவசியமில்லை' என்று புரிந்துகொள்பவர், செய்யாதே என்று சொல்லப்பட்டதை நிம்மதியாகச் செய்துகொண்டிருப்பார்.

தெவ்வாரின் இறந்தகாலம்தான் உண்மையான சோதனை. லியோனில் நான் தங்கியிருந்த குடியிருப்பில், மின்பணியாளரைக் காணாமல் காவலாளியிடம் கேட்டேன். "இல் ஆ துய் பார்தீர்" என்றார் அவர். இந்த ஒரே வாக்கியம் 'அவர் போக வேண்டியதாயிற்று' என்றும் பொருள்படும், 'அவர் போயிருக்க வேண்டும்' என்று ஊகமாகவும் பொருள்படும். காவலாளி உதட்டைப் பிதுக்கித் தோளைக் குலுக்கியபடி சொன்னதால், அது ஊகம் என்று விளங்கியது. அதே வேளையில் 'அவர் போயிருக்க வேண்டும், போகாமல் விட்டது தவறு' என்று நாம் குறைகூறுவதற்குப் பிரெஞ்சு வேறு வடிவம் வைத்திருக்கிறது: "இல் ஓரே துய் பார்தீர்". அவர்கள் ஒன்றாக்கியதை நாம் பிரிக்கிறோம், நாம் ஒன்றாக்கியதை அவர்கள் பிரிக்கிறார்கள். எழுதும்போது இந்தத் 'துய்' தலையில் ஒரு கூரைக்குறியோடு வரும். இல்லாவிட்டால் அதே ஒலியுள்ள இன்னொரு சிறு சொல்லோடு குழம்பிவிடும் என்பதால், 1990ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் பல சொற்களில் அந்தக் கூரையை எடுத்துவிடலாம் என்றபோதும் இதில் அதை விட்டுவைத்தது.

துணைவினையாக இல்லாமல் தனித்து நிற்கும்போது, தெவ்வார் பணம் தர வேண்டியிருப்பதைக் குறிக்கும். கடைக்காரரிடம் "ழெ வூ த்வா கோம்பியான்?" என்று கேட்டால், 'உங்களுக்கு நான் எவ்வளவு தர வேண்டும்?' என்று பொருள். பழந்தமிழில் 'கடன்' என்ற சொல் கடமையையும் குறித்தது என்பதை நினைத்துக்கொண்டால், இந்த இரண்டு பொருள்களும் ஒரே வினையில் குடியிருப்பது விநோதமாகத் தோன்றாது.

வூல்வார் இலக்கணத்தில் எளியது, பழக்கத்தில் கடினமானது. கடையில் நின்று "ழெ வெ" என்று தொடங்குவது, 'எனக்கு இது வேணும்' என்று குழந்தை அடம்பிடிப்பதுபோல் ஒலிக்கும். நிபந்தனை வடிவத்தில் "ழெ வூத்ரே" என்றால் பேச்சு கனிந்துவிடும். பிறரிடம் ஒன்றைக் கேட்கும்போதும் "பூவே வூ" என்பதைவிடப் "பூரியே வூ" மரியாதையானது. ஆனால் "ழெ வெ" என்பதோடு 'நன்றாக' என்று பொருள்படும் 'பியான்' சேர்ந்தால் விருப்பம் கூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது; 'சரி, அதற்கென்ன' என்ற இசைவாக அது தணிந்துவிடும்.

இதைத் தெரிந்துகொள்ளும் முன்பே, மூன்றாம் மாடியில் குடியிருந்த வயதான மதாம் ஒருவரைச் சாப்பிட அழைத்தேன். 'நீங்கள் கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வரணும்' என்ற நம்மூர் உபசாரத்தை அப்படியே தெவ்வாரில் போட்டு, "வூ தெவே வெனீர்" என்றேன். ஏதோ அலுவலகத்திலிருந்து அழைப்பாணை வந்ததுபோல அவர் முகம் மாறியது. எதற்காக வர வேண்டும் என்று கேட்டார். நான் திணறி, வகுப்பில் அந்த வாரம்தான் படித்திருந்த "இல் ஃபோ க வூ வெனியே" என்பதற்கு மாறி, உணவு, சனிக்கிழமை, என் மனைவியின் சாம்பார் என்று துண்டு துண்டாக விளக்கினேன். அவர் சிரித்து, "ழெ வெ பியான்" என்றார். அந்தத் தணிந்த குரலைக் கேட்டு, மனமில்லாமல் ஒப்புக்குச் சொல்கிறார் என்று முடிவு செய்து, மூன்று பேருக்கு மட்டும் சமைத்தோம். சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்குக் கதவைத் திறந்தால், மதாம் சூடான ஆப்பிள் தார்த்து ஒன்றைக் கையில் ஏந்தி நின்றுகொண்டிருந்தார்.